சைவ வீட்டுப் பூனைக்கு என்ன போடுவது?

கேள்வி: மயிலாப்பூர் வாசகி, 9 ஜூன் 2022

எங்கள் வீடு சுத்த சைவம். முட்டைகூட உள்ளே வராது. போன வாரம் மகள் ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு மாசம் இருக்கும். பாலும் தயிர் சாதமும் வைக்கிறோம், தட்டை நக்கிக் காலி பண்ணுகிறது. "நாயே தயிர் சாதத்தில் வளர்கிறது, பூனைக்கு என்ன கேடு" என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. மாமியாரும் அதே கட்சி. இப்படியே வளர்க்கலாம்தானே?

9 ஜூன் 2022, இரவு

வளர்க்க முடியாது.

நாய் வேறு, பூனை வேறு. நாய்க்குத் தயிர் சாதத்தோடு நாலு சேர்மானம் போட்டு ஒப்பேற்றலாம், அதை இன்னொரு நாள் சொல்கிறேன். பூனைக்கு இறைச்சியில் மட்டுமே கிடைக்கிற சில பொருள்கள் கட்டாயம் வேண்டும். அதில் முதலாவது டாரின். கறியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசி, பருப்பு, காய்கறியில் கிடையாது. பாலில் இருப்பது சொற்பம். நம் உடம்பும் நாயின் உடம்பும் வேறு அமினோ அமிலங்களிலிருந்து அதைத் தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு போதிய அளவு தயாரிப்பதில்லை. குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். மாசக்கணக்கில் ஆகும் என்பதால் தட்டை நக்கிக் காலி பண்ணுகிற பூனையைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

1987இல் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர் பால் பியானும் அவர் குழுவும் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார்கள். அந்தப் பூனைகள் தயிர் சாதம் தின்றவை இல்லை. கடையில் விற்ற உணவு தின்றவை. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. கெட்ட விழித்திரைதான் திரும்பாது.

பாலையும் குறையுங்கள். தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் இருக்கிற லாக்டோஸ் செரிக்காது, வயிற்றாலே போகும். நம் ஊரில் பூனை என்றதும் பால் கிண்ணத்தை நீட்டுவது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

10 ஜூன் 2022

"சைவ வீட்டில் பூனை வளர்க்கவே கூடாது என்கிறீர்களா" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. நானே அப்படிப்பட்ட வீட்டுக்காரன்தான். பாளையங்கோட்டை, சைவப் பிள்ளைமார் வீடு. சுந்தரி என்று ஒரு பூனை, சொக்கன் என்று ஒரு தெருநாய், தொண்ணூறை நெருங்குகிற ஓர் ஆச்சி.

எங்கள் ஏற்பாடு இது. புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒற்றை கேஸ் அடுப்பு. அதன்மேல் ஒரு சின்ன குக்கர். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும், தப்பித்தவறி சமையலறைக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. கோழிக்கடைத் தம்பி தொடைக்கறி, இதயம், துளி ஈரல் மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகத் தருவார். இதயத்தில் டாரின் அதிகம், நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் அதிகம். கடையில் இதயத்தைக் கேட்டு வாங்குகிற ஆள் நான் ஒருவன்தான் என்பதால் காசு வாங்க மாட்டேன் என்கிறார்.

டாரின் தண்ணீரில் கரையும். கறி வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றினால் பாதிச் சத்து சாக்கடைக்குத்தான் போகும். அந்தத் தண்ணீரோடே பிசைந்து வையுங்கள். உப்பு, மஞ்சள், வெங்காயம், ஒன்றும் வேண்டாம்.

ஆச்சி அந்த வாடை அடங்கும்வரை புறவாசல் பக்கம் வர மாட்டாள். ஆனால் விசில் அடித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வரும்: "ஏலே, அதுக்கு வெந்துட்டா? வவுறு காஞ்சு கெடக்கு பாரு."

வெறும் கறியும் முழு உணவில்லை. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. வளர்கிற குட்டிக்கு வெறும் கறியே போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், எலும்பு வளையும், சின்னக் குதிப்பில் முறியும். அதனால் எங்கள் வீட்டில் காலையில் கடைத் தீனி, சாயங்காலம் புறவாசல் சமையல்.

மயிலாப்பூர் சகோதரிக்கு: உங்கள் வீட்டில் அடுப்பு சாத்தியமில்லை என்றால் பூனைக்குட்டிகளுக்கான கடைத் தீனியை வாங்கிப் பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாக, பார்த்தால் கடலை மாதிரி இருக்கும். அதிலும் கோழிதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. மாமியாரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது உங்கள் பாடு.

10 ஜூன் 2022, கொஞ்சம் கழித்து

கடலை என்று சொன்னதால் ஒன்று. டப்பாவுக்கு மூடி போட்டு வையுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "உப்பே இல்லையே" என்றார். இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.

14 ஜூன் 2022

வீகன் நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். சாராம்சம்: கடைத் தீனியில் சேர்க்கிற டாரின் எப்படியும் ஆலையில் செய்ததுதான், அதை மாத்திரையாகப் பருப்பு சாதத்தில் கலந்தால் என்ன?

இதை எடுத்தெறிந்து பேச எனக்கு மனமில்லை. டாரின் விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் டாரின் ஒன்றோடு கதை முடியவில்லை. நாம் கேரட் தின்றால் உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அந்த வேலை தெரியாது, வைட்டமின் ஏ ஆகவே உள்ளே போக வேண்டும். அராக்கிடோனிக் அமிலம் என்கிற கொழுப்பும் அப்படித்தான், அதை நேரே விலங்குக் கொழுப்பிலிருந்துதான் எடுக்கும். புரதத் தேவையும் அதிகம். வளர்ந்த நாயின் தீனியில் ஈரத்தை நீக்கிய எடையில் 18 சதவீதம் புரதம் வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது, பூனைக்கு 26.

இன்னொன்று சிறுநீர். இறைச்சி தின்கிற பூனையின் சிறுநீர் அமிலத்தன்மையாக இருக்கும். தாவர உணவு அதைக் காரப் பக்கம் தள்ளும், காரமான சிறுநீரில் ஒருவகை உப்புப் படிகம் சேரும். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் குறுகல். அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். உங்கள் கடுவன் மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கிவிட்டு ஒன்றும் வராமல் எழுந்தால், "மலச்சிக்கல்" என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

இத்தனையையும் தனித்தனியாக அளந்து கலந்து சரிசெய்ய ஆலை இருக்கிறவர்களால் முடியலாம். வீட்டு அடுப்பில் நான் செய்ய மாட்டேன், செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்லவும் மாட்டேன். கறி வாங்க மனசு ஒப்பவில்லை என்றால் நாய் வளர்க்கலாம், முயல் வளர்க்கலாம். அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

2 ஜூலை 2022

நாய்க் கணக்கு கேட்டு நச்சரிக்கிறீர்கள். சரி.

முதலில் நாய்க்குச் சோறு செரிக்குமா என்ற சண்டை. "நாய் ஓநாயின் வம்சம், பச்சை இறைச்சிதான் கொடுக்கணும்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயையும் ஓநாயையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதி. நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதன் சோறு ஆக்கிய இடத்தில் நின்று மிச்சம் தின்று தின்று வந்த பிராணி அது. சோறு செரிக்கும்.

செரிப்பது வேறு, போதுவது வேறு. சொக்கன் 15 கிலோ. கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடுகிற நாய்க்கு அந்த எடையில் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி. அதை முழுக்கத் தயிர் சாதமாகவே கொடுத்தால், அரைக் கிலோ சோறும் 300 கிராம் தயிரும் என்று வையுங்கள், வயிறு நிறையும். புரதம் 23, 24 கிராம்தான் வரும். வேண்டியது 38 கிராம். தயிர் சாதத்தில் வளர்ந்த தெருநாய்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன என்பார்கள். அவை உங்கள் வீட்டுத் தயிர் சாதத்துக்குப் பிறகு தெருமுனைக் கோழிக்கடைக்கும் போகின்றன. கேட்டில் கட்டிப்போட்ட நாய்க்கு அந்த வசதி இல்லை.

சொக்கனுக்கு நான் போடுவது: சோறு 400 கிராம், தயிர் 200 கிராம், வேகவைத்த முட்டை இரண்டு, மீல் மேக்கர் 25 கிராம் (ஊறவைக்கும் முன் எடை, ஊறவைத்துப் பிழிந்து போடணும்). புரதம் 40ஐத் தாண்டும். கூட ஒரு கைப்பிடி பூசணியோ சுரைக்காயோ. கால்சியத்துக்கு முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, காயவைத்து, வறுத்து, மிக்சியில் மாவாகத் திரிக்கணும். ஒரு டீஸ்பூனில் கிட்டத்தட்ட இரண்டு கிராம் கால்சியம் இருக்கும். 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும். நல்லதுதானே என்று அள்ளிப் போடாதீர்கள், குட்டி நாய்க்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும், பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு இன்னும் மோசம்.

முட்டை வராத வீட்டில் பனீர். விலைதான் கடிக்கும்.

3 ஜூலை 2022

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நாலு பேர் "அப்படியே ஆரம்பித்துவிட்டோம்" என்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அது கலோரி, புரதம், கால்சியம் மூன்றின் கணக்கு மட்டும். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ இவை எதுவும் அதில் கணக்கில் வரவில்லை. அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் நாய்க்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 200ஐ எடுத்து அலசினார்கள், புத்தகத்தில் வந்தவை, இணையத்தில் வந்தவை, கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் சேர்த்து. 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஓர் அத்தியாவசியச் சத்து குறைந்தது. என் குறிப்பும் அந்த 95இல் ஒன்று. அதனால்தான் சொக்கனுக்கும் ஒருவேளை கடைத் தீனி, கூடவே டாக்டர் எழுதித் தந்த விட்டமின் பொடி. முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று தீர்மானித்தால் நாயின் எடை, வயது, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து ஒரு டாக்டர் குறிப்பு எழுதித் தரட்டும்.

29 ஜூலை 2022

நேற்று ஆடி அமாவாசை. ஆச்சி காக்கைக்கு வைத்த நெய்ப் பருப்புச் சாதத்தைக் காக்கை வருமுன் சொக்கன் முடித்துவிட்டான். ஆச்சி ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். "ஒங்க தாத்தாவுக்கும் இப்படித்தான், யாருக்கும் பொறுக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை வைத்தாள்.

பாயசத்தில் சுந்தரி வாய் வைத்தது பற்றிக் கேட்ட தம்பிக்கு: பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணர்கிற நாவு ஏற்பியின் ஒரு மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்துவிட்டது, புலி சிங்கம் வரை. 2005இல் கண்டுபிடித்தார்கள். பூனை பாயசத்தில் தேடுவது பாலும் நெய்யும். முந்திரி பாதாமுக்குப் பயமில்லை, திராட்சைதான் கவனம். அதற்கு வருகிறேன்.

21 ஆகஸ்ட் 2022

கொடுக்கக் கூடாதவை. நம் சமையலறைக்குப் பொருந்துகிற மாதிரி மட்டும் சொல்கிறேன்.

வெங்காயம் முதல் எதிரி. பூண்டும் அதே குடும்பம். ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சையோ, வதக்கியதோ, பொடியோ, வேறுபாடில்லை. நாய்க்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் ரத்தத்தில் மாற்றம் தெரியும். பூனைக்கு ஒரு கிலோவுக்கு 5 கிராமே போதும். நாலு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நம் சாம்பார், சால்னா, பிரியாணி, குருமா எதில் வெங்காயம் இல்லை? வெங்காயத் துண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் போடுகிறோம் என்கிறார்கள். சாறு சோற்றில் இறங்கித்தானே ருசியே வந்தது?

உடனே மயங்கி விழாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் பிரியாணி கொடுத்ததையே மறந்திருப்போம்.

திராட்சை, உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில நாய்க்கு ஒன்றும் ஆகாது, சில நாய்க்குக் கொஞ்சமே போதும். எது எந்த நாய் என்று முன்கூட்டித் தெரியாது. சாக்லேட்டில் தியோபுரோமின், கறுப்பாக ஆக ஆக விஷம் கூடும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையை மடமடவென இறக்கிவிடும். மாங்காய் சீசனில் மாங்கொட்டை: விஷம் இல்லை, ஆனால் குடலில் போய் அடைத்தால் ஆபரேஷன்தான். வெந்த கோழி எலும்பு முள்ளாகச் சிம்பு விடும், கொடுக்காதீர்கள்.

சாப்பாடு இல்லை என்றாலும் இதை இங்கேயே சொல்கிறேன்: காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. நமக்குச் சாதாரண 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று பூனையைக் கொல்லும். "பாதிதான் கொடுத்தேன்" என்று யாரும் எழுதாதீர்கள், பாதியும் கொல்லும்.

27 அக்டோபர் 2022

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். நாய் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வாந்தி எடுக்கிறது, வயிற்றைத் தொட விடவில்லை என்று இரண்டு பேர். நெய், எண்ணெய்ப் பலகாரம் அள்ளிப் போட்டால் கணையம் வீங்கும். கஷாயம், ஓமத்தண்ணீர் எல்லாம் வேண்டாம். டாக்டர், இப்போதே.

11 ஜனவரி 2023

கடைத் தீனிச் சண்டை மறுபடி. "எல்லாம் விஷம், எல்லாம் வியாபாரம்" என்பவர்களுக்கும் "பாக்கெட்டில் போட்டால் பத்தரை மாற்றுத் தங்கம்" என்பவர்களுக்கும் நடுவில் நிற்கிறேன்.

விஷமான கதையும் நடந்ததுதான். 2007இல் அமெரிக்காவில் நாய் பூனைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன, பல கம்பெனிகளின் தீனியைத் திரும்பப் பெற்றார்கள். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. ஏன் கலந்தார்கள்? ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்குப் போடுகிறார்கள். மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். பிளாஸ்டிக் தட்டு செய்கிற சரக்கு காகிதத்தில் புரதமாகிவிட்டது.

லேபிளில் "கச்சா புரதம்" என்று போட்டிருப்பதும் அந்தக் கணக்குதான். ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எந்த வயதுப் பிராணிக்கு முழுமையான, சரிவிகித உணவு என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தின்பண்ட வகைகளில் அந்த வாசகம் இருக்காது. தட்டுக்கு மேலே தூவுகிற சரக்கையே மூன்று வேளையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உலர் தீனியில் 32 சதவீதப் புரதம், பவுச்சில் 8 சதவீதம்தான், ஏமாற்றுகிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். பவுச்சில் 85 சதவீதம் தண்ணீர். மீதி 15இல் 8 புரதம் என்றால் பாதிக்கு மேல், 53 சதவீதம். உலர் தீனியில் ஈரம் 10, மீதி 90இல் 32 என்றால் 36 சதவீதம்கூட இல்லை. இரண்டிலிருந்தும் தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடணும். ஆனால் வயிறு நிறைய வேண்டுமே: 85 கிராம் பவுச்சில் 60, 70 கலோரிதான் இருக்கும், நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு 200 கலோரிக்கு மேல் வேண்டும். வெறும் பவுச்சில் வளர்த்தால் மாசச் செலவு எங்கே போகும் என்று பாருங்கள்.

தானியம் இல்லாத தீனி, "கிரெய்ன் ஃப்ரீ": என் கருத்து, தேவையில்லாத பயத்துக்கு விற்கிற விலை உயர்ந்த மருந்து. அரிசிக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் போடுகிறார்கள். 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அப்படிப்பட்ட தீனிக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தது. போன டிசம்பரில், புதிதாக அர்த்தமுள்ள ஆதாரம் வரும்வரை இனி இதுபற்றி அறிவிப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. தொடர்பு நிரூபணமும் ஆகவில்லை, பொய் என்றும் ஆகவில்லை. அரிசி தின்று நன்றாக இருக்கிற நாயை அதில் இழுத்துவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.

12 ஜனவரி 2023

பச்சைக்கிளிக்கு என்ன தீனி என்று கேட்டவருக்கு: 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம். தீனியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

6 மே 2023

கத்திரி வெயில். சொக்கன் பகல் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். வெயிலில் இது சகஜம். காலை ஆறுக்கும் இரவு எட்டுக்கும் மேல் மாற்றிவிட்டேன். மிச்சம் வைத்த சோற்றை அரைமணிக்கு மேல் விடாதீர்கள், இந்த வெயிலில் ஊசிப்போகும்.

எறும்புத் தொல்லைக்கு ஆச்சியின் வைத்தியம்: தட்டை இன்னும் பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வை. பழைய தயிர்ப்பானை டெக்னிக். எறும்புப் பொடி போட்டு அந்தப் பொடியைப் பூனை காலில் ஒட்டிக்கொண்டு நக்குவதற்கு இது மேல்.

மீன் பற்றி நிறையக் கேள்வி. சாளை, அதாவது மத்தி, விலை மலிவு, வேகவைத்துக் கொடுக்கலாம். பச்சையாக வேண்டாம். சில மீன்களின் பச்சைச் சதையில் வைட்டமின் பி1ஐ அழிக்கிற நொதி இருக்கிறது, வெந்தால் அது செத்துவிடும். பி1 குறைந்த பூனை தலையைக் கீழே தொங்கப்போட்டுத் தள்ளாடும், வலிப்பு வரும். தினமும் மீனே போட்டாலும் வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு புண்ணாகும், சூரை மாதிரி கொழுத்த மீன்களில் இது அதிகம். வாரம் இரண்டு முறை போதும். கருவாடு உப்பு மூட்டை, வேண்டாம். வாடைக்குத் துளி என்றால்கூட நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள்.

ஈரலும் அப்படித்தான். வாரத்தில் கொஞ்சம் நல்லது. தினம் ஈரலே என்றால் வைட்டமின் ஏ மிஞ்சி, மாசங்கள் போகப் போகப் பூனையின் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். குனிந்து உடம்பை நக்கக்கூட முடியாது. "எங்கள் பூனை ஈரலைத் தவிர வேறெதையும் தொடாது" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் கவனிக்கவும்.

19 நவம்பர் 2023

சுந்தரி தண்ணீர் அதிகம் குடிக்கிறாள் என்று ஆச்சிதான் முதலில் சொன்னாள். வாளியில் முகத்தை விட்டுக்கொண்டு குடிக்கிறாள், எடை குறைந்திருக்கிறது, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம். வயசான பூனைகளுக்கு அடிக்கடி வருவதுதான்.

பாஸ்பரஸ் குறைத்த சிறுநீரகத் தீனி எழுதித் தந்திருக்கிறார் டாக்டர். இந்த நோயில் பூனையின் ஆயுளை நீட்டுகிறது என்று சோதனைகளில் தெரிந்த விஷயம், அதனால் மறுபேச்சில்லை. இதயமும் ஈரலும் நிறுத்தியாச்சு.

24 நவம்பர் 2023

தொடவில்லை. வெந்நீர் விட்டுக் குழைத்தேன், உள்ளங்கையில் வைத்தேன், மூக்கில் தடவினேன். மூக்கை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பழக்கப்பட்ட தீனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அப்படித்தான் செய்கிறேன். கலந்ததையும் கண்டுபிடிக்கிறாள். பழைய உருண்டையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் புதியதைத் தட்டில் வரிசையாக விட்டுவைக்கிறாள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், "பசித்தால் தின்னும்" என்ற பழைய முறை பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் பழுதாகும். நாயைப் பட்டினி போட்டுப் பிடிவாதத்தை உடைக்கலாம், பூனையை உடைத்தால் பூனையே உடைந்துபோகும்.

2 டிசம்பர் 2023

டாக்டரிடம் மறுபடி பேசினேன். "சரியான தீனியைத் தின்னாமல் இருப்பதைவிடச் சரியில்லாத தீனியைத் தின்பது மேல்" என்றார். இப்போது நாலில் ஒரு பங்கு சிறுநீரகத் தீனி, மீதி தொடைக்கறி. கூடவே கறியில் இருக்கிற பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைக்கிற ஒரு பொடி. அளவு அவர் சொன்னதுதான், இங்கே எழுத மாட்டேன், ஒவ்வொரு பூனைக்கும் வேறு.

இதில் ஒரு முரண் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இத்தனை மாசமாக இங்கே கிராம் கணக்கு, சதவீதக் கணக்கு என்று மற்றவர்களைப் பிடுங்கி எடுத்தேன். இப்போது என் தட்டில் இருப்பது கணக்குக்கு ஒத்துவராத தீனி, அதை அவள் தின்றால் எனக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது. குட்டிக்குப் போடுகிற சாப்பாடு வரப்போகிற பத்து வருஷத்துக்கு. இவளுக்குப் போடுவது இந்த வாரத்துக்கு. இரண்டுக்கும் ஒரே நியாயம் செல்லாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். நோயில்லாத பூனைக்காரர்கள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

8 மார்ச் 2024

சுந்தரி போன மாசம் போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை. அதற்கு முந்தின நாள் இதயம் கேட்டு வாங்கி வந்து வேகவைத்தேன், முழுசும் தின்றாள். பாஸ்பரஸாவது மண்ணாவது.

விசாரித்த எல்லோருக்கும் நன்றி. அடுத்த பூனை இப்போதைக்கு இல்லை. சிவப்புத் துணி குக்கரை ஆச்சி எடுத்துப் போடவும் விடவில்லை, தொடவும் மாட்டேன் என்கிறாள்.

மயிலாப்பூர் சகோதரி, உங்கள் பூனை ஆறரைக் கிலோ என்பது பெருமை இல்லை. கருத்தடை செய்த பூனைக்குப் பசி கூடும், தேவை குறையும். தட்டை எப்போதும் நிரப்பி வைக்காதீர்கள், ஒரு நாளைக்கு உண்டானதை அளந்து நாலு வேளையாகப் பிரியுங்கள். ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது, மேலே சொன்ன ஈரல் கதை உங்கள் பூனைக்குத்தான் முதலில் பொருந்தும். மாமியார் தனியாக ஊட்டுகிறாரா என்றும் விசாரியுங்கள்.

16 ஜூன் 2024

"நாய் குண்டா இல்லையா என்று எப்படித் தெரிவது, தராசில் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று கேட்ட தம்பிக்கு.

தராசு வேண்டாம், கை போதும். விலாவில் இரண்டு கையையும் லேசாக வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு விரலுக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு உள்ளே ஒடுங்கணும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை ஜாதிகளுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இயல்பு. அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஊட்டி ஊட்டி லாப்ரடார் ஆக்கிவிடாதீர்கள்.

லாப்ரடார் என்றதும் இது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக ஆயுள் முழுக்கத் தீனி போட்டார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவை நடுமட்டமாக 13 வருஷம் வாழ்ந்தன, மற்றவை 11.2. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதே தீனி, அளவு மட்டும் குறைவு. எந்தப் பிராண்டு என்று மாசக்கணக்கில் இங்கே அடித்துக்கொண்டோமே, அதைவிட இந்தக் கால் பங்கு பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

சொக்கனைப் போன வாரம் இப்படித் தடவிப் பார்த்தேன், விலா எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. சோற்றை 300 கிராமாக இறக்கிவிட்டேன். இரண்டு நாளாகியும் இளைத்த அறிகுறி இல்லை. இன்று மத்தியானம் திண்ணைப் பக்கம் போய்ப் பார்த்தால் ஆச்சியின் கையில் நெய் இட்லி, அவன் வாயில் பாதி. "இட்லிதான, அது கணக்குல வராது" என்கிறாள். ஓர் இட்லி 50, 60 கலோரி, நெய் தனி. நாளையிலிருந்து சோற்றை 260 ஆக்கப் போகிறேன், ஆச்சியின் கோட்டாவைத் தனியாக ஒதுக்கிவிட்டேன்.

குட்டி நாய்க்கு எத்தனை வேளை என்று கேட்டவருக்கு நாளை பதில் எழுதுகிறேன். அதுவரை மூன்று நாலு வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.